அம்மாவைத் தூக்க ஆள் வேண்டும்

என் பிரியமான அண்ணனுக்கு,

மில்லர்புரம் வீட்டில் இப்போது நானும் அம்மாவும்தான். அம்மா படுத்த படுக்கையாகிவிட்டாள். இனி அலைய வேண்டாம், வீட்டிலேயே வைத்துப் பாருங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அம்மாவுக்குச் சாகப் பயமில்லை. அவள் பயம் வேறு.

"ஏலே, பெரியவனும் இல்ல. என் பெட்டியத் தூக்க யாருலே வருவா?" என்று நேற்றும் கேட்டாள்.

நீ போனபோது உன் சவப்பெட்டியைத் தூக்க அடிதடி நடக்காத குறைதான். ஹார்பர் லாரிக்காரர்களும் ஆலந்தலை வலைக்காரர்களும் கல்லறைத் தோட்டம் வரை தோள் மாற்றிக்கொண்டே போனார்கள். கூடப் பிறந்த எனக்கே இடம் கிடைக்கவில்லை. அது நம் வீட்டுக்கு வந்த கூட்டம் என்று நினைத்தேன். உனக்கு மட்டும் வந்தது என்று பிறகுதான் தெரிந்தது.

அப்படி என்னதான் இருந்தது உன்னிடம்? நீ யாருக்கும் அள்ளிக் கொடுத்ததில்லை, உன் கையில் ஏது? யோசித்து யோசித்து ஒன்றுதான் பிடிபட்டது. நீ கூச்சமில்லாமல் வாங்கிக்கொண்டாய். எந்த வீட்டில் சோறு வெந்தாலும் உட்கார்ந்து சாப்பிட்டாய். ஒருவர் பைக்கில் போவாய், இன்னொருவர் குடையில் வருவாய். உனக்கு ஒரு உபகாரம் செய்தவன் அப்புறம் உன்னை விடவே மாட்டான். நான் எங்கே போனாலும் "சாப்பிட்டாச்சு" என்று சொல்லுகிறவன். யாருக்கும் பாரமாக இல்லை என்று பெருமை வேறு. அந்தப் பெருமை வந்து பெட்டி தூக்குமா?

உன்னைப் போல நானும் துட்டி வீடுகளுக்குப் போய்ப் பார்த்தேன். அடுத்த தெருக் கடைக்கார அண்ணாச்சியின் மனைவி இறந்தபோது விடியுமுன்னே போய் நாற்காலி எடுத்துப் போட்டேன். கிளம்பும்போது, பழக்கதோஷம், அவர் கையைப் பிடித்து "போயிட்டு வாரேன் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டேன். சாவு வீட்டில் சொல்லுகிற சொல்லா அது? அவர் கையை உருவிக்கொண்டார். இன்னும் என்னைக் கண்டால் முகம் கொடுப்பதில்லை. நீ சொல்லியிருந்தால் பதினாறு முடிந்ததும் அவரே சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பார். வேண்டாதவன் கை பட்டாலும் குற்றம், கால் பட்டாலும் குற்றம்.

நேற்று அம்மாவிடம், எல்லாரும் வருவார்கள் என்றேன். அவள் விடவில்லை.

"யார்ட்டயாவது கேட்டியாலே?"

கேட்கவில்லை. வாய் வரவில்லை, அண்ணே. இந்த வயதில் எப்படி வரும்?

ஆனாலும் உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். அம்மா கண் மூடும் அன்றைக்கு வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டுவேன். அண்ணாச்சி வீட்டிலும் தட்டுவேன். எங்கம்மாவைத் தூக்க ஆளில்லை, வாருங்கள் என்று கேட்பேன். வருவார்கள் என்ற நம்பிக்கை எனக்கில்லை. "நீ யாரு?" என்று அவர்கள் கேட்டால் என் பெயரைச் சொல்ல மாட்டேன். அந்தப் பெயருக்கு யாரும் எழுந்து வர மாட்டார்கள். ஊருக்கு என்னை உன்னை வைத்துத்தான் தெரியும், அதை மட்டும் சொல்லுவேன்.

இப்படிக்கு,
உன் தம்பி