ரேணுகா அக்காவின் வால்வு ஆம்ப்

ஆக. 4, திங்கள்

காலையிலேயே புழுக்கம். பஸ்ஸில் ஜெனிபர், ஸ்கூல் யூனிஃபார்மில். போன வருஷம் வரை ஒரே பெஞ்ச். என்னைப் பார்த்தாள், உடனே போனைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன். அவள் திருக்கழுக்குன்றத்தில் இறங்கிய பிறகும் செங்கல்பட்டு வரை ஜன்னல்தான்.

நான் வேலை செய்யும் ஸ்பீக்கர் ரிப்பேர் கடைக்கு ஒரு கிடார் ஆம்ப் வந்தது, காலால் மிதிக்கும் எக்கோ பெடலோடு. பல்புபோல ஒளிரும் வால்வு போட்டது, நல்ல கனம். கொண்டுவந்தவர் ரேணுகா அக்கா. கல்பாக்கத்தில் ஆபீஸ் வேலை. சனிக்கிழமை சாயங்காலம் மாமல்லபுரம் கடற்கரை ஓட்டல் ஒன்றில் வாசிக்கிறாராம். கோயம்புத்தூர்ப் பேச்சு.

"வாசிச்சிட்டே இருக்கறப்ப சத்தம் அப்படியே அமுங்கிப் போயிருதுங்கண்ணா. எக்கோவும் கரகரங்குது. இந்தச் சனிக்கிழமைக்கு வேணுமுங்க."

கடை ஓனர் செல்வம் அண்ணன்: "வால்வு போயிருக்கும்மா. பாத்து வெக்கிறேன்."

"நீங்களும் இங்கதான் வேலை செய்யறீங்களா?" என்று அக்கா என்னைக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் செ.அ., "ஆமாமா, அது பேசாது" என்றார்.

ஆக. 5, செவ்வாய்

மழை வரும்போல இருந்தது. வரவில்லை.

செ.அ. வால்வுகளை மாற்றிப் பார்த்தார். அதே கதை.

ஆம்ப்பின் பின்பக்கம் இரண்டு ஜாக் ஓட்டை, ஒவ்வொன்றுக்கும் சத்தம் கூட்டக் குறைக்க ஒரு குமிழ். சென்ட், ரிட்டன். சத்தம் சென்ட் வழியாக வெளியே போய், எக்கோ பெடலுக்குள் புகுந்து, ரிட்டன் வழியாகத் திரும்பி வரும். அதற்குப் பெயர் லூப். எதுவும் செருகாதபோது ரிட்டனுக்குள் இருக்கும் சின்னத் தகடு இரண்டையும் சேர்த்துவிடும்.

செ.அ.: "இந்த லூப்புதான் பேஜாரு. வெட்டிட்டு நேரா ஒரு ஒயரு போட்டா வேல முடிஞ்சிது."

வெட்டினால் எக்கோவை ஆம்ப்புக்கு முன்னால்தான் செருக வேண்டும். ஆம்ப் உறுமும்போது எக்கோவும் சேர்ந்து உறுமும். எல்லாம் கலந்து கூழாகிவிடும். எனக்குத் தெரியும். சொல்லத்தான் வரவில்லை.

ஆக. 6, புதன்

செ.அ. கருங்குழியில் கல்யாண ரிசப்ஷனுக்கு ஸ்பீக்கர் கட்டப் போனார். கடையில் நான் மட்டும்.

ஒரு குட்டை கேபிளை சென்டிலிருந்து ரிட்டனுக்குச் செருகினேன். முழுச் சத்தம்! அப்படியென்றால் வால்வு இல்லை. அந்தத் தகடுதான். கடற்கரை உப்புக்காற்று. டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே பச்சைக் களிம்பு.

ஆஃப் செய்துவிட்டு, கேபிள் முனையை ஸ்பிரிட்டில் தோய்த்து உள்ளே, வெளியே. முப்பது தடவை இருக்கும். துடைக்கத் துடைக்கப் பஞ்சில் பச்சை. அப்புறம் கேபிள் இல்லாமலும் சத்தம் அமுங்கவில்லை.

அத்தோடு விட்டிருக்கலாம். எக்கோ பெடலை லூப்பில் போட்டேன். கடைக் கிடாரில் எனக்குத் தெரிந்த மூன்று கார்டு வாசித்தேன். கரகரவென்று உடைந்தது. இவ்வளவு சத்தத்தைப் பெடல் தாங்காது. சென்டைக் குறைத்து ரிட்டனைக் கூட்டினேன். திரும்பக் குறைத்தேன். திரும்பக் கூட்டினேன்.

சென்ட் – ஒன்பது மணி முள் நிற்கும் இடம்
ரிட்டன் – இரண்டு மணி

வந்துவிட்டது. முதலில் கம்பி. பிறகு கொஞ்சம் தள்ளி அதே கம்பி, பக்கத்து அறையில் யாரோ என்னோடு சேர்ந்து வாசிப்பதுபோல. கண்ணில் தண்ணீர். ஏன் என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது: இன்று முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. டீக்கடையில்கூட விரலைத்தான் காட்டினேன்.

செ.அ.விடம் நாளைக்குச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் வெட்டிவிடுவார்.

ஆக. 7, வியாழன்

சொல்லவில்லை.

அம்மா: "இன்னாடி, கடையில வேலை ஒழுங்கா போய்கினு கீதா?"

"ம்."

ஆக. 8, வெள்ளி

தூறல். பஸ் லேட். கடைக்குள் நுழைந்தால் ஆம்ப் திறந்து கிடக்கிறது. ஒயர் பற்றவைக்கும் சால்டரிங் அயர்ன் சூடேறிக்கொண்டிருக்கிறது. செ.அ. ஒயரை அளந்துகொண்டிருக்கிறார். லூப்பை இன்னும் வெட்டவில்லை.

"அண்ணா" என்று சொன்னதாகத்தான் நினைத்தேன். அவர் திரும்பவில்லை. அயர்ன் பிளக்கைப் பிடுங்கிவிட்டேன்.

"ஏய்! இன்னாமா பண்ற?"

பெடலைச் செருகி, கிடாரை எடுத்து, மூன்று கார்டையும் வாசித்தேன். சத்தம் உடையவில்லை.

"எப்ப பண்ண?"

"புதன்."

"புதனா? நேத்து முழுக்க எதிர்லதானே உக்காந்துகினு இருந்த? வாய தொறந்தா முத்தா கொட்டிடும்?"

சிரித்தார். ஒயரைச் சுருட்டி டப்பாவில் போட்டார். பஸ் இன்னும் பத்து நிமிஷம் லேட்டாகியிருந்தால் லூப் போயிருக்கும்.

ஆக. 9, சனி

நல்ல வெயில். பத்து மணிக்கு ரேணுகா அக்கா.

செ.அ.: "ஜாக்குல உப்பு புடிச்சிருந்திச்சிமா. சரி பண்ணியாச்சு." சரி பண்ணியது யார் என்று சொல்லவில்லை. நான் கேபிள் சுற்றிக்கொண்டிருந்தேன். ஏற்கெனவே சுற்றிய கேபிள்.

செ.அ. பின்பக்கத் தூசியை ஒரு துணியால் பெருமையாகத் துடைத்தார். குமிழ்கள் இரண்டும் திரும்பிவிட்டன. அக்கா வாசித்தார். கரகர.

"இப்படியேதானுங்கண்ணா முன்னாடியும் இருந்துச்சு."

செ.அ. திருகினார். இன்னும் மோசம். மறுபடி திருகினார். வேர்த்துவிட்டது. "யம்மா, நீ வா. அன்னிக்கு எங்க வெச்ச?"

ஆம்ப்புக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து இரண்டையும் அதனதன் இடத்தில் வைத்தேன். அக்கா ஒரே ஒரு கம்பியைத் தட்டினார். அது ஓயும் வரை அசையவில்லை.

"இதத்தானுங்க ரெண்டு வருசமாத் தேடிட்டு இருக்கேன்." ஆம்ப்புக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "நீங்க வச்சதா? உங்க பேரு என்னங்க?"

சொன்னேன். நிஜமாகவே வாய்விட்டுச் சொன்னேன். அதற்குள் அவர் கை கம்பிக்குப் போய்விட்டது. கடை முழுக்க அந்தச் சத்தம். வாசித்துக்கொண்டே தலையாட்டினார். எனக்கா, எக்கோவுக்கா, தெரியவில்லை.