கல் விழும், கல் விழப்போகிறது

மேகமலை ஜீப்புக்கும் எனக்கும் சொந்தக்காரரான என் பிரியமான மாமாவுக்கு,

நலமா என்று கேட்கத்தான் கை வருகிறது. இருக்கிற இடத்தில் நலமாகத்தான் இருப்பீர்கள். நீங்கள் போய் இது இரண்டாவது மழைக்காலம். சின்னமனூர் ஸ்டாண்டில், வாழைத்தார் ஏற்றும் லாரிகளுக்குப் பக்கத்தில், நம் ஜீப் பழைய இடத்திலேயே நிற்கிறது. ஓட்டுகிற ஆள்தான் மாறிவிட்டது. நான் ஓட்டுகிறேன்.

சிரிக்காதீர்கள். பழனிசெட்டிபட்டியில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து முறையாகப் பழகி, லைசென்ஸ் எடுத்தேன். மலைப்பாதையை ஸ்டாண்டில் இருக்கிற உங்கள் கூட்டாளிகள் மாற்றி மாற்றிப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார்கள். நம் மகள் கௌசல்யா பெரியகுளத்தில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். ஜீப்பின் முன்னால் நான் நிற்கிற போட்டோவை அவள் தோழிகள் எல்லோருக்கும் காட்டியிருக்கிறாள்.

உங்கள் அண்ணனுக்குத்தான் பிடிக்கவில்லை. "ஏத்தா செல்வராணி, பொம்பளையாளு மலைக்கு வண்டி ஓட்டுறது நல்லாவா இருக்கு? போடியில ஒருத்தர் வண்டிய வெலைக்குக் கேக்குறாக. குடுத்துட்டு நிம்மதியா இருத்தா" என்று வாரம் தவறாமல் வந்து சொன்னார். கோபத்தில் சொல்லவில்லை, பயத்தில் சொன்னார். தம்பியைப் பறிகொடுத்தவர் அல்லவா? எனக்கும் ஒரு பயம் இருந்தது. வண்டி ஓட்டப் பழகிவிட்டேன், சரி. வருகிற வெளியூர்க்காரர்களிடம் எப்படிப் பேசுவது? அதுதான் உள்ளுக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது.

உங்களுக்கு அந்தக் கவலையே இருந்ததில்லை. ஜெராக்ஸ் கடை மாடியில் நடந்த ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்குக் கொஞ்ச நாள் போனீர்கள். அதற்குள் சீசன் தொடங்கிவிட்டது, விட்டுவிட்டீர்கள். ஆனால் ஒரு சாயங்காலம் வகுப்பு முடிந்து வீட்டுக்குள் நுழைந்ததும் சொன்னீர்களே: "ஏ புள்ள, இந்த இங்கிலீஷ்காரனும் நம்மள மாதிரித்தேன் பேசுறான். நாம சாப்பிடப் போறேங்கிறோம். அவன் ஐ யாம் கோயிங் டு ஈட்டுங்கிறான். ரெண்டு பேரும் போகத்தேன் செய்யிறோம்."

அன்றைக்கு ஆரம்பித்தது. அடுப்பில் தோசை கிடந்தால் "தி தோசை ஈஸ் கோயிங் டு கருகல்." கௌசல்யா உதட்டைப் பிதுக்கினால் "ஷி ஈஸ் கோயிங் டு க்ரை." வகுப்பில் நடந்து முடிந்த காலத்துக்குப் போவதற்குள் நீங்கள் நின்றுவிட்டதால், உங்கள் இங்கிலீஷில் நேற்று என்பதே கிடையாது. "எஸ்டர்டே ஐ யாம் கோயிங் டு கம்பம்" என்று நீங்கள் சொல்ல, முன் சீட்டில் இருந்த பெங்களூர் பெண், "அப்ப இன்னைக்கு எங்களை யார் மலைக்குக் கூட்டிப்போவாங்க?" என்று பதறியதை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது.

ஆனால் விவரம் தெரியாமல் நீங்கள் விட்டதில்லை. 'வில்' என்று ஒன்று இருக்கிறதே, அதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று வருகிறவர்களிடமெல்லாம் கேட்டு வைத்தீர்கள். அதை எனக்கு விளக்கியது, மலை இறங்கி வருகையில், ஜீப்பை ஓரங்கட்டிவிட்டு. "ஐப்பசி வந்தா மழை பெய்யும். அது பொதுவாச் சொல்றது, வில். அங்கன பாரு, மேகம் கறுத்துக் கெடக்குல்ல? இப்பப் பெய்யப் போகுது. கண்ணு முன்னாடி அறிகுறி தெரிஞ்சா கோயிங் டு." சொல்லி முடிப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. இரண்டு பேரும் நனைந்துகொண்டே தார்ப்பாயை இழுத்துக் கட்டினோம்.

சரி, போன மாதம் நடந்ததைச் சொல்கிறேன். ஸ்காட்லாந்திலிருந்து ஒரு கணவன் மனைவி வந்தார்கள். அந்த அம்மாள் பெயர் ஹெலன், நம் வயதைத் தாண்டியவர். அவர் வீட்டுக்காரருக்குப் போட்டோ எடுக்கிற பைத்தியம். எனக்கு முதல் வெளிநாட்டு சவாரி. ஏறும்போது எல்லாம் நன்றாகவே நடந்தது. டீ எஸ்டேட், ஏரி, காட்டுமாடு என்று கையை நீட்டிக் காட்டியே சமாளித்தேன்.

மத்தியானம் மழை விட்டதும் இறங்கினோம். பாதி வழியில், ஒரு வளைவில், பள்ளத்தாக்கு முழுக்க மஞ்சு ஏறி வந்தது. ஹெலனின் வீட்டுக்காரர் நிறுத்தச் சொன்னார். இரண்டு பேரும் இறங்கினார்கள். அவர் மலைச்சரிவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு கேமராவைக் கண்ணில் வைத்தார்.

அப்போதுதான் பார்த்தேன். காலையில் தெளிவாக வழிந்துகொண்டிருந்த தண்ணீர், அதே இடத்தில் செம்மண் குழம்பாக வந்துகொண்டிருந்தது. அவர் தலைக்கு மேலே இருந்து பொடிக்கற்கள் உருண்டு ரோட்டில் விழுந்தன. வாயில் வந்ததைச் சொன்னேன்: "சார், ஸ்டோன் வில் ஃபால்."

அவர் திரும்பிச் சிரித்தார். "யெஸ், யெஸ்" என்று பெருவிரலை உயர்த்திக் காட்டிவிட்டு மறுபடி கேமராவுக்குள் போய்விட்டார். மலையில் கல் விழும். அது அவருக்கும் தெரியும். வழியெல்லாம் போர்டு வைத்திருக்கிறார்களே. நான் பொதுவாகச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

எனக்கு உங்கள் குரல் கேட்டது என்றெல்லாம் சொல்ல மாட்டேன். குரல் கேட்கிற நிலையில் நான் இல்லை. ஓடிப்போய் அந்தச் செந்தண்ணீரைக் கையால் காட்டி, "லுக். தி ஹில் ஈஸ் கோயிங் டு ஃபால்" என்றேன். அவ்வளவுதான், மாமா. அவர் முகம் மாறியது. மேலே பார்த்தார். ஹெலன் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். மூவரும் ஜீப்புக்குள் விழுந்தோம். கதவைச் சரியாகச் சாத்தாமலே கிளப்பினேன். அடுத்த வளைவு திரும்பும்போது பின்னால் இடி மாதிரி ஒரு சத்தம். கண்ணாடியில் பார்த்தால், ஒரு மரமும் மண்ணும் கல்லுமாக ரோட்டை அடைத்துக்கொண்டு கிடந்தது. அவர் நின்றிருந்த இடமே தெரியவில்லை.

கொஞ்ச தூரம் தள்ளி நிறுத்தினேன். ஹெலன் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

அந்த நேரத்தில்தான் உங்களை நினைத்தேன். மலைக்கும் மழைக்கும் அறிகுறி பார்த்தீர்களே, அன்றைக்கு டீக்கடையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்காரும் முன்னால் உங்களுக்கு ஒன்றும் தெரியவில்லையா? தெரிந்தும், இவள் பயந்துவிடுவாள் என்று சொல்லாமல் இருந்தீர்களா?

போகட்டும். செக்போஸ்ட்டில் ஹெலன் நடந்ததை இங்கிலீஷில் மூச்சுவிடாமல் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த வனத்துறை வாட்சர் என்னைப் பார்த்து, "என்னக்கா, நீ விழப்போகுதுன்னு சொன்ன பெறகுதேன் மலை விழுந்துச்சாம்ல?" என்றார். நான் அப்போதுதான் சிரித்தேன்.

எங்களுக்கு முன்னால் செய்தி இறங்கிவிட்டது. ஸ்டாண்டில் உங்கள் அண்ணன் நின்றுகொண்டிருந்தார். செருப்புக்கூடப் போடவில்லை. "ஒனக்கு ஒண்ணும் ஆகலைல ஆத்தா?" என்றார். பிறகு மெதுவாக, "இதுக்குத்தேன் நான் தலப்பாடா அடிச்சுக்கிட்டேன்" என்று ஆரம்பித்தார். அதற்குள் ஹெலனின் வீட்டுக்காரர் வந்து அண்ணனின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு ஏதேதோ சொன்னார்.

"என்னத்தா சொல்லுறாக?"

"ரோடு சரியானதும் மறுபடி மலைக்குப் போகணுமாம். நாந்தேன் ஓட்டணும்னு சொல்லுறாக."

அண்ணன் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மலை விழுந்து பொழைச்சு வந்தவுக மறுபடியுமா? ஏத்தா, இவுகளுக்குப் பயமே இல்லையா?" என்று கேட்டார். அதை இங்கிலீஷில் எப்படிக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் போடிக்காரரைப் பற்றி அதற்குப் பிறகு அவர் பேசவே இல்லை.

இப்போது ரோட்டைச் சரிசெய்துவிட்டார்கள். ஹெலனும் அவர் வீட்டுக்காரரும் நம் ஜீப்பிலேயே போய் வந்தார்கள். கௌசல்யா தீபாவளிக்கு வருகிறாள். அந்த லீவில் ஒரு நாள் உங்கள் மதினியை மேலே கூட்டிப்போவதாகச் சொல்லியிருக்கிறேன். கல்யாணமாகி வந்ததிலிருந்து அந்த மலையைப் பார்த்துக்கொண்டேதான் துணி காயப்போடுகிறார்களாம், ஒரு தடவைகூட ஏறியதில்லையாம். கேட்டதும் புதுச் சேலை எடுத்து வைத்துவிட்டார்கள். அண்ணனும் வருகிறார். ஆனால் பின் சீட்டுத்தானாம். முன்னால் உட்கார்ந்தால் அவர் காலும் பிரேக் மிதித்துக்கொண்டே வருமாம்.

எல்லோரையும் ஏரிக்கரையில் உட்காரவைத்துச் சுடச்சுட டீ வாங்கிக்கொடுத்து, பொழுது சாயும் முன்னால் பத்திரமாக வீடு கொண்டுவந்து சேர்த்துவிடுவேன். இது உங்களுக்கு நான் கொடுக்கிற வாக்கு.

என்றும் உங்கள் வீட்டுக்காரி,
கௌசல்யாவின் அம்மா,
செல்வராணி