பெர்மனெண்ட் இருமல்

ஜூன் 9, திங்கள்

காலையிலிருந்து சாரல். துணி ஒன்றும் காயவில்லை. கோட்டாறு கோச்சிங் கிளாஸில் நான் எழுதிய நோயாளிக் குறிப்பை சார் சத்தமாகப் படித்தார். 'பெர்மனெண்ட் இருமல்' என்று எழுதியிருந்தேன்.

"இருமல் என்ன சர்க்கார் வேலையாம்மா, பெர்மனெண்ட் ஆகுததுக்கு?"

கிளாஸே சிரித்தது. எரிச்சல். நமக்குத் தெரிந்தது டெம்ப்ரரி, பெர்மனெண்ட் இரண்டுதான். ஆஸ்பத்திரியில் என் நர்ஸ் வேலை டெம்ப்ரரி.

சனிக்கிழமை இங்கிலீஷ் பரீட்சை, மூன்றாவது தடவை. பாஸானால் இங்கிலாந்தில் வேலை. அவரும் பஹ்ரைனை விட்டுவிட்டு என்னோடு வரலாம். கல்யாணத்துக்குப் பிறகு நாங்கள் சேர்ந்து இருந்ததெல்லாம் அவருடைய லீவில் மட்டும்.

ஜூன் 10, செவ்வாய்

கண்ணில் பட்டதற்கெல்லாம் இங்கிலீஷ் வார்த்தை ஒட்டிப் பழகுகிறேன். கரண்ட் கட்: பிரீஃப், கொஞ்ச நேரம்தான். சாரல்: இன்டர்மிட்டெண்ட், விட்டு விட்டு. மாமியாரின் பிணக்கம்: குரோனிக், நாள்பட்டது. இரண்டே நாளில் கம்பி ஒடிந்த புதுக்குடை: பேசாமல் இருப்பது நல்லது.

ஜூன் 12, வியாழன்

வீட்டில் பரீட்சை ஒத்திகை. நாத்தனார் ஷீபா நோயாளி, நான் நர்ஸ். அவளுக்கு நிஜமாகவே கழுத்து வலி. பெர்சிஸ்டெண்ட், விடாத வலி என்று எழுதிக் காட்டினேன்.

"ஆரு மைனி சொன்னா? மிஷின்ல இருந்து தைக்கும்போதுதான் வரும். எழும்பி நடந்தா போயிரும்."

"பின்ன எதுக்குட்டி நாள் பூரா புலம்புத?"

"நாள் பூரா தைக்கேன்லா!"

அடித்துவிட்டு இன்டர்மிட்டெண்ட் என்று மாற்றினேன். முனகலைக் கேட்டதும் பேனாவை எடுத்துவிடுகிறேன். எப்போது வரும், எப்போது போகும் என்று கேட்பதே இல்லை. சனிக்கிழமை கேட்க வேண்டும்.

ஜூன் 14, சனி

திருவனந்தபுரம். பரீட்சை முடிந்தது. நோயாளியாக நடித்த பெண், எப்போதும் தலைவலி என்றாள். 'குரோனிக்' நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினேன். வலியே இல்லாத நாள் உண்டா? உண்டாம், லீவு நாளில் வராதாம். ரிக்கரெண்ட், திரும்பத் திரும்ப வருவது என்றேன். நிமிர்ந்து பார்த்தாள். வெளியே வந்து இரண்டு சர்பத். யாரும் கேட்காமலே கடைக்காரரிடம் பரீட்சை நன்றாக எழுதியதாகச் சொன்னேன்.

ஜூன் 30, திங்கள்

பாஸ்! எல்லாப் பகுதியும்!

அடுக்களையில் நான் போட்ட கூச்சலில் பாம்பு என்று நினைத்து மாமியார் கம்போடு ஓடி வந்தார். ஷீபா என்னைத் தூக்கிச் சுற்றினாள், கழுத்து வலியோடு. அவருக்கு ஃபோன். சைட்டில் ஒரே இரைச்சல். மூன்று தடவை கத்தினேன். அழுகிறார்.

"வேலைய எப்போ விடணும்?"

விசா வர மாதக்கணக்காகும், எனக்குத் தெரியும்.

"இண்ணைக்கே பெட்டியக் கெட்டுங்க" என்றேன்.