மூன்றாவது ரவுண்டுக்கு முன் சொன்னது

ஞாயிற்றுக்கிழமை.

மாமாவிடம் பொய் சொல்லிவிட்டேன். இன்று சேலத்தில் அவருக்குக் குத்துச்சண்டை, மூன்று ரவுண்டு. எதிராளிக்கு அவர் வயதில் பாதி. ஓயாமல் குத்திக்கொண்டே இருந்தான். மாமா தலையைக் கொஞ்சம் நகர்த்தியே பாதிக் குத்துகளைக் காற்றில் போகவிட்டார். திருப்பிக் கொடுத்தது குறைவு. இரண்டாவது ரவுண்டு முடிந்து ஸ்டூலில் உட்கார்ந்தபோது அவருக்கு மூச்சு இரைத்தது, புருவம் கிழிந்திருந்தது.

"ஏன் மாப்ள, செயிச்சுட்டு இருக்கறமா?"

இல்லை. தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்த எனக்கு அது நன்றாகத் தெரியும். ஆனால், "உங்க மாமாவ முழுசா ஊடு கொண்டாந்து சேத்துரு கண்ணு" என்று காலையில் அக்கா சொன்னதுதான் காதில் நின்றது.

"ஆமாங்க மாமா. இனி அடி வாங்காம நழுவுனாப் போதுமுங்க."

நம்பினார். கடைசி ரவுண்டு முழுக்க அழகாக நழுவினார், ஒரு குத்துகூட விடவில்லை. தோற்றார். உண்மையைச் சொல்லியிருந்தால் எப்போதும் ஆளைச் சாய்க்கும் தன் இடது கைக் குத்தை இறக்கியிருப்பாரோ என்னவோ.

எங்கள் ஊர் மஞ்சக்குட்டைக்குத் திரும்பும் பஸ்ஸில், "ஜட்ஜுகளுக்குக் கண்ணு தெரியல மாப்ள. நீ ஒருத்தன்தான் செரியாப் பாத்தே" என்றார்.

"ஆமாங்க" என்றேன்.

வீட்டில் அக்கா அவர் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு என் தட்டில் இன்னொரு முட்டை வைத்தாள். அதையும் தின்றேன்.