துப்பட்டாவால் கட்டிய கை

ஸ்ரீவில்லிபுத்தூர்
20.8.2024

அன்புத் தங்கை ஷீனாவுக்கு,

இங்கே அத்தானும் பிள்ளைகளும் சுகம். நீயும் உன் மகள் ஜெமியும் சுகமாக இருக்க ஜெபிக்கிறேன். எத்தனை முறை அடித்தாலும் போனை எடுக்க மாட்டேன் என்கிறாய், எழுதினாலாவது படிப்பாய். என் மகள் நிச்சயதார்த்தத்தில் கை நனைக்காமல் பஸ் ஏறிவிட்டாயே, எனக்கு எப்படி இருக்கும்?

ஜெமியின் கையைக் கட்டியது போட்டோ எடுத்து முடிக்கும்வரைதான். அதுவும் துப்பட்டா, கயிறு இல்லை. முகத்துக்கு முன்னால் விரலை ஆட்டிக்கொண்டு, முனகிக்கொண்டு, முன்னும் பின்னும் அசைந்தால் மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்கள்? பன்னிரண்டு வயது. இன்றோ நாளையோ பெரிய மனுஷியாகிவிடுவாள். இப்போதே அடக்கி வை.

பிரியமுள்ள அக்கா,
ஜெயக்கொடி

ராஜபாளையம்
24.8.2024

அக்காவுக்கு,

ஜெமி சுகமாக இல்லை. அன்றிலிருந்து விரலை ஆட்டவே இல்லை. கைகளைத் தொடைக்கு அடியில் செருகி உட்கார்ந்திருக்கிறாள். மணிக்கட்டைக் கடித்துக் கடித்துப் புண்ணாக்கி வைத்திருக்கிறாள்.

அவளுடைய டீச்சர் செல்வலட்சுமி சொன்னார்: "அது சேட்டை இல்லம்மா. மைக் செட்டும் கூட்டமும் நமக்கு வெறும் சத்தம். அவளுக்கு மேல விழுற அடி. விரலை ஆட்டித்தான் தன்னை அமத்திக்கிடுதா. வயசுக்கு வாற நேரம், உடம்பே புதுசா இருக்கும், ஆட்டம் கூடத்தான் செய்யும். அதையும் புடுங்கிட்டா எங்க போவா?"

மண்டபத்தின் பின்னறையில் அவள் கைகளைப் பிளாஸ்டிக் நாற்காலியின் முதுகோடு கட்டியிருந்தாய். பாவாடை நனைந்திருந்தது. வாசலில் இரண்டு பேர் அதைப் பார்த்துக்கொண்டே பாயசம் குடித்தார்கள்.

உன்னை நினைத்தால் அருவருப்பாக இருக்கிறது. அதைவிட என்னை நினைத்தால். முடிச்சை அவிழ்த்து, துப்பட்டாவை மடித்து உன் கையிலேயே கொடுத்து, "வாரேன்க்கா" என்று சொல்லிவிட்டல்லவா வந்தேன்.

வந்து அவளிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேள். அவளுக்குப் புரியும்.

ஷீனா

ஸ்ரீவில்லிபுத்தூர்
6.9.2024

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதத்தை அத்தானிடம் காட்டவில்லை. கல்யாணப் பத்திரிகை இதோடு வருகிறது. நீ வராமல் கல்யாணமா? ஜெமியை மட்டும் அன்றைக்கு விட்டுவிட்டு வா. செட்டியார்பட்டியில் எனக்குத் தெரிந்த அம்மா ஒருத்தி பார்த்துக்கொள்வாள்.

ஒன்று சொல்ல வேண்டும். மாப்பிள்ளையின் அம்மா, "அந்தப் பிள்ள யாரு? உங்க குடும்பத்துல இப்படி வேற யாருக்கும் உண்டா?" என்று கேட்டார்கள். "எங்க ரத்தம் இல்ல, தங்கச்சி எடுத்து வளக்குதா" என்று சொல்லி வைத்திருக்கிறேன். கேட்டால் நீயும் அப்படியே சொல். மன்னிப்பெல்லாம் நமக்குள் எதற்கு?

அக்கா

ராஜபாளையம்
15.9.2024

திருமதி ஜெயக்கொடி அவர்களுக்கு,

நேற்று மாலை ஜெமி மறுபடியும் விரலை ஆட்டினாள். ஜன்னலோரம், முதலில் ஒரு விரல். செத்த நேரம் என் முகத்தையே பார்த்தாள். நான் தடுக்க மாட்டேன் என்று தெரிந்த பிறகுதான் இரண்டு கையும் எழுந்தன.

பத்திரிகையைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஜெமி உங்கள் ரத்தம் இல்லை என்று சொல்லியிருக்கிறீர்கள். அவள் நான் பெற்ற பிள்ளை. அப்படியென்றால் நானும் உங்களுக்கு யாரும் இல்லை. சம்பந்தி வீட்டில் அதையும் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஜெமியின் அம்மா