வெள்ளி ஆட்டமும் ஞாயிறு ஆட்டமும்

7-5-2007, திங்கள்

இன்று முதலில் கண்ணில் பட்டது, ஹாஜா பாய் கொடுத்துவிட்டுப் போன பென் டிரைவின் மூடியில் ஒட்டியிருந்த ஒரு மீன் செதில். நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் கணினியில் சொருகினேன். உள்ளே ஒரே ஒரு ஃபைல். பெயர் ‘லீக் வெள்ளி’.

ஹாஜா முகைதீன் பாய்தான் கிரிக்கெட் லீக் செயலாளர். ஸ்கோர் போடும் சாஃப்ட்வேர் ஒன்றை அவர் மச்சான் சிங்கப்பூரிலிருந்து அனுப்பியிருக்கிறார். தொண்டி அணிகள் வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகைக்குப் பிறகு கடற்கரையில் ஆடுகின்றன. அன்று படகு கடலுக்குப் போகாது. அந்த ஆட்டங்களைப் பாயே தன் லேப்டாப்பில் போட்டுக்கொள்கிறார். கடலைவிட்டு உள்ளே தள்ளியிருக்கும் எங்கள் பக்கத்துக் கிராமத்து அணிகளுக்கு ஞாயிறுதான் தோது. அவர்கள் ஆடுவது காய்ந்த கண்மாய்க்குள். அந்த ஸ்கோர் நோட்டு மட்டும் நான் வேலை பார்க்கும் சண்முகவள்ளி அக்காவின் ஜெராக்ஸ் கடைக்கு வரும், நான் கணினியில் அடிக்க வேண்டும்.

எனக்கு இந்த வேலை பிடித்திருக்கிறது. யாரிடமும் பேச வேண்டியதில்லை.

14-5-2007, திங்கள்

ஒரு லீக்குக்கு ஒரு ஃபைல். அதற்குள் அணிகள், ஆட்டக்காரர்கள், ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஓர் எண். நோட்டில் இருப்பதை அடித்தால் யார் எவ்வளவு ரன் என்று அதுவே கூட்டிக்கொள்கிறது. பத்தாவதில் கணக்கில் தோற்றுப் பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். இங்கே கணக்கு என்னைப் பார்த்து முறைப்பதில்லை.

எங்கள் ஊர் மலையாண்டி 71 அடித்திருக்கிறது. சித்தாள் வேலைக்குப் போகும் பையன். அவன் அம்மா பஞ்சம்மாளும் என் அம்மாவும் ஒன்றாகக் களை எடுக்கப் போவார்கள். அடிக்கும்போது எனக்குள் ஒரு சிரிப்பு.

21-5-2007, திங்கள்

மலையாண்டி 48, அப்புறம் 46. அக்கா வடை வாங்கிக் கொடுத்தது.

28-5-2007, திங்கள்

எல்லா ஆட்டமும் முடிந்தது. வெள்ளி ஆறு, ஞாயிறு ஒன்பது. இரண்டு ஃபைலையும் ஒன்றாக்கி, அதிக ரன் எடுத்த பதினைந்து பேரின் பட்டியலை எடுக்கச் சொன்னார் பாய். வியாழன் காலை அதை ராமநாதபுரத்தில் மாவட்டக் கிரிக்கெட் சங்கத்துக்குக் கொண்டுபோகிறார். பட்டியலில் இருப்பவர்கள் மதுரையில் பத்து நாள் தேர்வு ஆட்டத்துக்குப் போவார்கள். ஷூ, சாப்பாடு, தங்க இடம் எல்லாம் உண்டு.

ஞாயிறு ஃபைலைத் திறந்து, பாய் இன்று கொடுத்த பென் டிரைவிலிருந்து வெள்ளி ஃபைலை உள்ளே இழுத்தேன். கணினி இங்கிலீசில் என்னமோ கேட்டது. கேட்டால் எஸ் கொடு என்பதுதான் அக்கா சொல்லித் தந்தது. எஸ் கொடுத்தேன். ஒரு நிமிடத்தில் முடிந்துவிட்டது. பட்டியல் பாய்க்கு ஒன்று போக, அக்கா கடைக் கதவிலும் ஒன்று ஒட்டியது.

29-5-2007, செவ்வாய்

மலையாண்டி வந்தது. சட்டையெல்லாம் சிமெண்டு. கதவு முன்னால் நின்று விரலை வைத்து மேலிருந்து கீழே வாசித்தது. மறுபடி மேலிருந்து. பேர் இல்லை.

கூட வந்தவன், “ஏலே, அம்புட்டு அடிச்சியே, கேளுடா உள்ள” என்றான்.

“கம்ப்யூட்டர்ல போட்டதுல தப்பு வருமா? வா, நேரமாச்சு.”

போய்விட்டது.

நான்தானே அடித்தேன், எழுபத்தொன்று என்று? ஃபைலைத் திறந்து பார்த்தேன். மலையாண்டி 19. வெறும் பத்தொன்பது! ஒன்று முதல் ஆறு வரை உள்ள ஆட்டங்களைத் திறந்தால் எல்லாம் கடற்கரை ஆட்டம். கண்மாய் ஆட்டம் ஏழிலிருந்துதான் இருக்கிறது. பாயும் ஒன்றிலிருந்து எண் போட்டிருக்கிறார், நானும் ஒன்றிலிருந்து போட்டிருக்கிறேன். ஒரே எண்ணில் ஆட்டம் இருக்கு, பழசை எடுத்துட்டு இதை வைக்கவா — அதைத்தான் கேட்டிருக்கு. நான் எஸ்ஸுன்னு குடுத்துட்டேன். ஆறு ஆட்டம். ஐயோ, ஆறும் போச்சே. பிரதியும் எடுத்து வைக்கலையே.

அக்காவிடம் சொன்னேன். முகம் சுருங்கிவிட்டது.

“பாய் கைக்கு லிஸ்டு போயிருச்சுடி முத்தழகு. ஒருத்தனுக்கும் தெரியாது. கடைப் பேரு கெட்டுரும், பேசாம இரு.”

சரி என்று தலையாட்டினேன். சோறு இறங்கவில்லை.

30-5-2007, புதன்

பேசாமல் இருப்பது எனக்குக் கைவந்த கலை. ஆனாலும் காலையில் அலமாரியிலிருந்து ஞாயிறு நோட்டை எடுத்தேன். முதலில் ஃபைலுக்கு ஒரு பிரதி. பிறகு அழிந்த ஆறு ஆட்டங்களையும் 101, 102 என்று புது எண் கொடுத்து ஒவ்வொரு பந்தாக அடித்தேன். அக்கா ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டே என்னைப் பார்த்தது. நான்கு மணிக்கு முடிந்தது. மலையாண்டி 184. நான்காவது இடம்.

பிரிண்ட் கொடுக்கப் போனபோது அக்கா குறுக்கே வந்தது.

“அந்தப் பழுப்புத் தாள் வேணாம். வெள்ளைத் தாள்ல எடு.” புதுத் தாள் கட்டைப் பிரித்துக்கொண்டே, “எஸ் குடுன்னு சொன்னவ நான்தானே.”

பழைய பட்டியலில் இருந்த சிலர் புதிதில் கீழே போய்விட்டார்கள். ஒருவர் சதக்கத்துல்லா. பாயின் தங்கச்சி மகன்.

நாளைக்கு நான் பேச வேண்டும். நானா?

31-5-2007, வியாழன்

ஊரிலிருந்து முதல் பஸ்ஸில் தொண்டிக்குப் போனேன். ராமநாதபுரம் பஸ் நகர ஆரம்பித்திருந்தது. ஜன்னலில் பாய். “பாய்! பாய்!” என்று கத்தினேன். அது என் குரல்தானா? கண்டக்டர் விசில் ஊதி பஸ்ஸை நிறுத்தினார்.

“யாரு, வள்ளி கடைப் புள்ளயா? வாயத் தொறந்து இன்னைக்குத்தான் பாக்குறேன். ஏறு, ஏறு.”

படியிலேயே நின்று ஒரே மூச்சில் சொன்னேன். “தப்பு என்னோடது பாய். ஞாயித்துக்கிழம ஆட்டம் ஆறு அழிஞ்சு போச்சு. திரும்ப அடிச்சுட்டேன். அந்த லிஸ்ட கிழிச்சுருங்க.”

புதுத் தாளை வாசித்தார். இரண்டு தரம் வாசித்தார்.

“என் மருமவன் பேரு எங்க?”

பையிலிருந்து ஞாயிறு நோட்டை எடுத்தேன்.

“இதுலயும் தப்பு இருக்காதுன்னு எப்படி நம்புறது? திங்கக்கிழமையும் கம்ப்யூட்டர்தான் சொல்லுச்சு.”

நோட்டை நீட்டினேன். “கம்ப்யூட்டர நம்ப வேணாம் பாய். இதக் கூட்டிப் பாருங்க.”

பின்னால் ஒரு கிழவர், “இந்தப் புள்ள ஏறுதா எறங்குதா? வேகுதுப்பா” என்றார். பாய் நோட்டை மடியில் விரித்து வைத்துக்கொண்டார். இறங்கிவிட்டேன். பசித்தது. இரண்டு நாள் கழித்து நன்றாகப் பசித்தது.

5-6-2007, செவ்வாய்

சதக்கத்துல்லா கடைக்கு வந்தார்.

“எம்பேர அழிச்ச மகராசி நீதானா?”

“அழிக்கலண்ணே. பதினெட்டாவதா இருக்கீக.”

அக்கா சிரித்த சிரிப்பில் ஜெராக்ஸ் கோணலாகிவிட்டது. அவரும் சிரித்தார். ஆனால் போகும்போது முகம் வாடித்தான் இருந்தது. அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியாது.

பாய் பஸ்ஸிலேயே விரல்விட்டுக் கூட்டிப் பார்த்தாராம். ஒரு ரன் கூட மாறவில்லையாம்.

11-6-2007, திங்கள்

மலையாண்டி மதுரைக்குப் போய்விட்டது. பஞ்சம்மா, “எம்மவனுக்குக் காலுக்கு ஷூ குடுத்தாகளாம், கடிக்குதாம்” என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு போகிறது.

25-6-2007, திங்கள்

அடுத்த லீக் வருகிறது. பாய் லேப்டாப்பையே கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டார். “வெள்ளியும் ஞாயிறும் இனிமே உங்கிட்டயே இருக்கட்டும். நான் நோட்டு மட்டும் அனுப்புறேன்” என்றார். அக்கா என்னைப் பார்த்தது. நான் சரி என்றேன், வாயால்.

வெள்ளி ஆட்டங்களுக்கு 1 முதலும் ஞாயிறு ஆட்டங்களுக்கு 501 முதலும் எண் போட்டேன். ஒரு பிரதி எடுத்தேன்.