விழாத பூவும் நீ வீசிய மாத்திரையும்

இன்று காலை உன் மகள் மாத்திரை டப்பாவைத் திறந்தாள். அதே துரு வாடை. ரத்தம் ஊற கொடைக்கானல் ஆஸ்பத்திரியில் கொடுத்த இரும்பு மாத்திரை. பிள்ளைத்தாய்ச்சி, வேண்டாமென்று முகத்தைச் சுளிக்கிறாள். முருகா, அப்படியே உன் முகம்! எனக்குக் கோபம் பொங்கியது. செத்தவளிடம் கோபப்படலாமா என்றால், படுவேன். நாத்தனார் உரிமை இன்னும் எனக்கு இருக்கிறது.

தாண்டிக்குடி காப்பித் தோட்டத்தில் நீயும் இப்படித்தான் வயிறும் பிள்ளையுமாக வெளுத்துக் கிடந்தாய். டாக்டர் ஒருவர் ஜீப்பில் வந்தார். மாத்திரையின் குணத்தைச் சோதிக்க, பிள்ளைத்தாய்ச்சிகளில் பாதிப் பேருக்குக் கொடுத்தார். மீதிப் பேருக்கு இல்லை. உனக்குக் கிடைத்தது. கடைசியில் இரண்டு கூட்டத்தையும் ஒப்பிட்டு, இங்கிலீஷில் ஏதோ சொல்லிவிட்டு ஜீப் ஏறினார். கணக்கப்பிள்ளை நமக்குத் தமிழில் சொன்னான்:

"மாத்திரையில ஒண்ணுமில்லையாம். போங்க, சோலியப் பாருங்க."

நீ மிச்சத்தைக் கோழிகளுக்கு வீசினாய்.

"ஏட்டி, இப்பத்தானே மூச்சு வாங்காம மேடேறுற? எடுத்து வையி!"

"போங்க மதினி. கோழியாவது செவப்பா முட்டையிடட்டும்."

சிரித்தாய். பிரசவத்தில் ரத்தம் நிற்கவில்லை. பிள்ளையை என் கையில் விட்டுப் போனாய்.

அடுத்த முறை டாக்டர் வந்தபோது ஜீப்பை மறித்தேன். "பலிக்காதுன்னா சொன்னீங்க?"

"இல்லம்மா. தின்னவங்க கொஞ்சம் தேறித்தான் இருந்தாங்க. ஆள் ரொம்பக் கம்மி. மாத்திரையாலயா, தற்செயலாவான்னு சொல்ல முடியலைன்னேன்."

"அதைத் தமிழ்ல சொன்னா வாய் சுளுக்கிக்கிருமோ?"

அவர் தலைகுனிந்தார். குனிந்து என்ன?

ஆனால் பெருங்கோபம் உன்மேல்தான். உன் கல்யாணத்துக்குப் பூக் கேட்டது மறந்துவிட்டதா? வலப்பக்கம் விழுந்தால் சரி, இடப்பக்கம் விழுந்தால் வேண்டாம். சாமிமேல் ஒட்டிய பூ எந்தப் பக்கமும் விழவில்லை. என் தம்பிக்கு முகம் செத்துவிட்டது. பூசாரிதான், "சாமி வேண்டாம்னு சொல்லலை. இன்னும் வாய் தெறக்கலை. பொறவு வந்து கேளுங்க" என்றார். மறுபடி கேட்டோம், வலப்பக்கம் விழுந்தது. விழாத பூவை 'வேண்டாம்' என்று எடுத்திருந்தால் நீ எங்கள் வாசலையே மிதித்திருக்க மாட்டாய். உனக்கு அது தெரியாதா?

மிச்ச மாத்திரையையும் தின்றிருந்தால் பிழைத்திருப்பாய் என்று பழனியாண்டவர் முன் சத்தியம் செய்ய மாட்டேன். அது எனக்குத் தெரியாது.

உன் மகள் கேட்கிறாள்: "பக்கத்து வீட்டுல இதுல ஒண்ணுமில்லைங்கிறாக, அத்தை."

"இல்லைன்னாகளா, தெரியலைன்னாகளா?"

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"ஒண்ணாடி? போயி உங்காத்தாளக் கேளு!"

முகத்தைச் சுளித்துக்கொண்டே விழுங்கினாள். டப்பாவை வாங்கி என் முந்தானையில் முடிந்துகொண்டேன். முற்றத்தில் கோழி மேய்கிறது.